இரண்டு லட்சம் மைல் ஓடிய பிக்கப்: எஞ்சினை நம்பி வாங்கலாமா?

அமெரிக்காவில் கூரை போடுகிறவர், வெல்டர், தோட்ட வேலை எடுத்துச் செய்கிறவர், நாலு மாடு வைத்திருக்கும் சிறு பண்ணைக்காரர் எல்லோருக்கும் பிக்கப் இல்லாமல் பிழைப்பு நடக்காது. பின்னால் திறந்த தொட்டி வேண்டும். ஒரு ட்ரெய்லரை இழுக்கும் வலுவும் வேண்டும். ஆனால் முழு அளவுப் பிக்கப் ஒன்றின் சராசரி விலை இன்று 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதனால் இவர்களில் பெரும்பாலோர் போய் நிற்பது ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம், சில நேரம் இரண்டரை லட்சம் மைல் ஓடிய பழைய வண்டியின் முன்னால். கிலோமீட்டரில் சொன்னால் 2.4 லட்சத்திலிருந்து 4 லட்சம். கையில் இருப்பது பல ஆண்டுச் சேமிப்பு. மனதில் இருப்பது ஒரே கேள்வி: இந்த எஞ்சின் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

அந்தக் கேள்விக்கு விடையை எல்லோரும் ஓடோமீட்டரில் தேடுகிறார்கள். விற்பவரும் அதைத்தான் காட்டுகிறார், விலையும் அதை வைத்தே பேசப்படுகிறது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்கப் பிக்கப் எஞ்சின்கள் எப்படிப் பழுதாகியிருக்கின்றன என்று வரிசையாகப் பார்த்தால், மைல் எண்ணுக்கு அவ்வளவு மரியாதை தர வேண்டியதில்லை என்று தெரிகிறது. எந்த எஞ்சின், எந்த ஆண்டில் செய்தது என்பது முதலில் வர வேண்டும். அது எப்படி உழைத்தது, யார் எப்போது ஆயில் மாற்றினார் என்பது அடுத்தது. ஓடிய தூரம் அதற்கும் பின்னால் வரவேண்டிய விஷயம்.

தூரத்தை நம்ப முடியாததற்கு முதல் காரணம், அதுவே பொய்யாக இருக்கலாம் என்பது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் குறைத்துக் காட்டிய மைல் எண்ணோடு அந்நாட்டில் கைமாறுகின்றன. டிஜிட்டல் மீட்டர் வந்தபிறகு எண்ணைக் குறைக்க ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படுவதில்லை. விற்கும்போது மைல் எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொன்னாலும், பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து, 2011 மாடலுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் இருபது ஆண்டுவரை எழுதித் தர வேண்டும் என்று மாற்றினார்கள். 2010 மாடலுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் பழைய விலக்கு அப்படியே நிற்கிறது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பிக்கப்புகளில் ஏராளமானவை அந்த வயதுக்காரர்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினை ஓடோமீட்டர் கணக்கில் எடுப்பதில்லை. எண்ணெய் வயலில் குளிருக்காக நாள் முழுக்க ஓடவிடப்பட்ட வண்டி, மின்கம்ப வேலைக்காரர்கள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வண்டி, போலீஸ் வண்டி எல்லாம் சக்கரம் சுழலாமலே தேய்ந்தவை. ஐட்லிங்கில் ஆயில் அழுத்தம் குறைவு, வெப்பம் சரியாக ஏறாது, எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கும். ஒரு மணி நேர ஐட்லிங்கைச் சுமார் 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஃபோர்டின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 4,000 மணி நேரம் நின்றபடி ஓடிய எஞ்சினுக்கு மீட்டரில் ஏறாத 1,32,000 மைல் இருக்கிறது. பல ஃபோர்டு, செவ்ரோலே வண்டிகளில் டாஷ்போர்டுத் திரையின் மெனுவுக்குள் போனால் எஞ்சின் மணி நேரம் தெரியும். சிலவற்றில் ஐட்லிங் மணி நேரமும் தனியாக வரும். மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். 1,50,000 மைலுக்கு 3,750 மணி என்றால் சராசரி 40 மைல் வேகம். அது நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. அதே மைலுக்கு 10,000 மணி என்றால் சராசரி 15 மைல். முன்னதை இரண்டு லட்சம் மைலிலும் வாங்கலாம். பின்னதை ஒன்றரை லட்சத்தில்கூட நான் தொடமாட்டேன்.

இனி எஞ்சின்களுக்கு வருவோம். 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் ஃபோர்டின் எஃப் வரிசை என்பதால், பழைய வண்டிச் சந்தையிலும் அதுதான் குவிந்து கிடக்கிறது. அதில் 2004 முதல் 2010 வரை எஃப்-150-ல் வந்த 5.4 லிட்டர் ட்ரைட்டன் வி8, சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்டது, வாங்குகிறவர் முதலில் அடையாளம் காண வேண்டிய எஞ்சின். இதன் கிராங்க், பிஸ்டன், பிளாக் எல்லாம் உறுதியானவை. தொல்லை மேலே இருக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப முன்பின்னாக மாற்றுவதற்குக் கேம் ஷாஃப்டின் முனையில் ‘ஃபேசர்’ என்றொரு பாகம் வைத்தார்கள். அது ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சீல் கிழிந்தால் அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். ஆயில் பம்ப் தேய்ந்தால் இன்னும் குறையும். அழுத்தம் போதாமல் ஃபேசர் தன் பிடியை இழந்து கடகடவென்று அடிக்கத் தொடங்கும். கவனிக்காமல் ஓட்டினால் செயின் கைடு உடையும், கேம் ஷாஃப்டும் வீணாகும்.

இந்த எஞ்சினைக் குளிரில் ஸ்டார்ட் செய்து கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் நன்றாகவே இருக்கும். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து, பிரேக்கை மிதித்தபடி கியரை டிரைவில் போட்டு, ஐட்லிங்கில் விட வேண்டும். கூட வந்தவர் முன்சக்கரத்தின் வளைவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் டீசல் எஞ்சினைப் போலக் கொட்டும் சத்தம் வந்தால், பல ஆயிரம் டாலர் வேலை காத்திருக்கிறது. அந்த நேரத்தில் டாஷ்போர்டின் ஆயில் அழுத்த முள்ளைப் பார்த்து ஆறுதல் கொள்ளக் கூடாது. அந்த வண்டிகளில் முள்ளுக்குப் பின்னால் உண்மையான அளவுமானி கிடையாது, ஒரு சாதாரண ஸ்விட்ச்தான். அழுத்தம் சுமார் 6 பிஎஸ்ஐ-க்கு மேல் இருந்தால் முள் நடுவில் போய் நின்றுவிடும். எஞ்சின் பட்டினி கிடக்கும்போதும் அது ‘எல்லாம் நலம்’ என்றே காட்டும். சரியான அளவு வேண்டுமென்றால் மெக்கானிக் அந்த ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அங்கே தனி கேஜை மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதே எஞ்சினில் 2008 வரையிலான பலவற்றுக்கு இன்னொரு வினோதமான நோய் உண்டு. ஸ்பார்க் பிளக்கை இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்திருந்தார்கள். நீண்ட முனை கரி படிந்து ஹெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். கழற்றப் போனால் பாதி கையோடு வரும், மீதி உள்ளே நிற்கும். உடைந்த துண்டை எப்படி எடுப்பது என்று ஃபோர்டே மெக்கானிக்குகளுக்குத் தனி அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. அதனால் இந்த வண்டியை விற்பவரிடம் நான் கேட்கச் சொல்வது: ‘பிளக் மாத்தியாச்சா? பில் இருக்கா?’ 1,80,000 மைல் ஓடி, ஃபேசரும் செயினும் ஆயில் பம்பும் பிளக்கும் மாற்றியதற்குப் பில் வைத்திருக்கும் 5.4-ஐ, 1,10,000 மைல் ஓடி ஒன்றுமே தொடாத 5.4-ஐவிடத் தைரியமாக வாங்கலாம். குறைந்த மைல்காரர் செய்ய வேண்டிய செலவு முழுதும் இன்னும் மிச்சமிருக்கிறது. அதை அவர் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்.

ஜெனரல் மோட்டார்ஸின் கதை வேறு, ஆனால் வேர் ஒன்றுதான். 1999 முதல் 2006 வரை சில்வராடோவிலும் சியராவிலும் வந்த இரும்பு பிளாக் 5.3 லிட்டர் வி8 எளிமையானது. ஒரே கேம் ஷாஃப்ட், புஷ்ராடு, அவ்வளவுதான். சிலவற்றில் குளிரில் பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கும், 2001-க்குப் பிறகு வந்த ஒருவகை ஹெட்டுகளில் விரிசல் விட்டுக் கூலன்ட் மெல்லக் குறையும். இதைத் தவிர்த்தால், அந்த எஞ்சின் மூன்று லட்சம் மைல் ஓடியது என்று கேட்டால் அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2007-ல் புதிய வடிவ சில்வராடோ வந்தபோது, எரிபொருளை மிச்சப்படுத்த எட்டு சிலிண்டரில் நான்கை ஓட்டத்தின் நடுவிலேயே உறங்கவைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஏஎஃப்எம் என்று அதற்குப் பெயர். 1981-லேயே காடிலாக்கில் வி8-6-4 என்ற பெயரில் இதே யோசனையைச் சந்தைக்குக் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனம்தான் இது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு தேறிவிட்ட காலம் என்பதால் மறுபடி வந்தது.

உறங்கவேண்டிய 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்களில் வால்வைத் தள்ளும் லிஃப்டருக்குள் சின்ன ஊசிப் பூட்டு ஒன்று இருக்கிறது. ஆயில் அழுத்தம் வந்தால் பூட்டு விலகி, லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கும், வால்வு திறக்காது. நாள்பட்ட ஆயில், அடைப்பு, தேய்மானம் ஏதாவது ஒன்றால் அந்தப் பூட்டு சிக்கிக்கொண்டால் லிஃப்டர் மடங்கியபடியே நின்றுவிடும். அதன் உருளை கேம் ஷாஃப்டின் மேட்டைச் சீவிவிடும். சீவிய இரும்புத்தூள் ஆயிலோடு எஞ்சின் முழுக்கப் பயணம் செய்யும். லிஃப்டரை மாற்ற வேண்டுமென்றால் இந்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டையே இறக்கியாக வேண்டும் என்பதால் பாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகிறது. 2019 மாடலிலிருந்து வந்த அடுத்த தலைமுறை 5.3, 6.2 எஞ்சின்கள் பலவற்றில் இந்த மாதிரி லிஃப்டர் பதினாறு இடத்திலும் வந்துவிட்டது.

லிஃப்டர் மட்டுமில்லை, ஆயில் குடிக்கும் பழக்கமும் உண்டு. 2011 முதல் 2014 வரையிலான 5.3 எஞ்சின்கள் குறைபாடான பிஸ்டன் ரிங்குகளால் அளவுக்குமேல் ஆயில் குடிக்கின்றன என்று வண்டிக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டாட்சி நீதிமன்ற நடுவர் குழு 10 கோடியே 26 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வண்டிகள் சாலைக்கு வந்து பத்து வருடம் கழித்து வந்த தீர்ப்பு அது. அதற்குள் அவற்றில் பல இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போயிருக்கும். ஆயில் குடிக்கும் எஞ்சினை வாங்கியவர், ஆயில் அளவு குறைந்து லிஃப்டர் போனபோது, ‘பழைய வண்டி, மைல் அதிகம், அப்படித்தான் இருக்கும்’ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பணம் கட்டியிருப்பார். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மைல் எண் என்ற ஒன்றை வைத்து, வடிவமைப்பின் குற்றத்தை வண்டியின் வயதின் மேல் போட்டுவிட முடிகிறது.

இதைவிடப் பொருத்தமான சாட்சி ஃபோர்டின் டிப்ஸ்டிக். 2018 மாடலிலிருந்து எஃப்-150-ல் வந்த 5.0 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று புகார்கள் வந்தன. 2019 இறுதியில் ஃபோர்டு தன் டீலர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலைத் திருத்த வேண்டும்; கூடவே டிப்ஸ்டிக்கையும் மாற்ற வேண்டும். புதிய டிப்ஸ்டிக்கில் குறைந்த அளவுக்கும் நிறைந்த அளவுக்கும் இடையே இருக்கும் தூரம் பழையதைவிட அதிகம். பழைய குச்சியில் ‘குறைவு’ என்று காட்டியிருக்கும் ஆயில் புதிய குச்சியில் வரம்புக்குள் வந்துவிடும். அந்த ஆண்டுகளின் 5.0-ஐப் பார்க்கப் போகிறவர், ஆயில் அளவு சரியாக இருக்கிறது என்று திருப்திப்படும் முன், முதல் ஓனர் ஆயிரம் மைலுக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினார் என்று கேட்டுவிடுவது நல்லது.

ராம் வண்டிகளின் 5.7 ஹெமியும் லிஃப்டர் தேய்ந்து கேம் ஷாஃப்டைக் கெடுக்கும் கோஷ்டிதான். அங்கே குழப்பம் என்னவென்றால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் உடைந்தாலும் இதே மாதிரி டிக் டிக் சத்தம் வரும். வாங்குகிறவர் வேறுபடுத்தக் கற்றுக்கொள்ளலாம். போல்ட் உடைந்த சத்தம் குளிரில் பலமாக இருந்து, இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும். லிஃப்டர் சத்தம் சூடான பிறகும் விடாது. முதலாவது சில நூறு டாலர் வேலை, இரண்டாவதுக்கு எஞ்சினைத் திறந்தாக வேண்டும்.

டொயோட்டா டன்ட்ராவின் பெயர் இந்தச் சந்தையில் தனி மதிப்புப் பெற்றது. 2007-லிருந்து 2021 வரை வந்த 5.7 லிட்டர் எஞ்சினில் கேம் பகுதியில் ஆயில் கசிவும், புகைக் கட்டுப்பாட்டுக்கான காற்றுப் பம்ப் பழுதாவதும் உண்டே தவிர, உள்பாகம் உடைவது அரிது. லூசியானாவில் ஒருவர் தன் 2007 டன்ட்ராவை ஒன்பது ஆண்டில் பத்து லட்சம் மைல் ஓட்டினார். 2016-ல் டொயோட்டா அதை வாங்கிக்கொண்டு புது வண்டி கொடுத்தது, பழையதைப் பிரித்து ஆராயவும் செய்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் மைலுக்கு மேல் என்றால் எஞ்சின் ஆறவே நேரமில்லை, அத்தனையும் நெடுஞ்சாலை ஓட்டம் என்று பொருள். நகரத்துக்குள் குளிரில் ஸ்டார்ட் செய்து மூன்று மைல் ஓடி நிறுத்தப்பட்ட டன்ட்ராவுக்கு அந்தச் சாதனை சாட்சியாகாது. பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. புது இரட்டை டர்போ எஞ்சினோடு வந்த 2022, 2023 டன்ட்ராக்களையும் லெக்ஸஸ் வண்டிகளையும் சேர்த்துச் சுமார் 1,02,000 வண்டிகளை 2024-ல் டொயோட்டா திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது கடைசல் துகள் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது காரணம். அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் எஞ்சின் கொண்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை, கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாட்டுக்காக அழைத்தது. 2021 முதல் 2024 வரையிலான மாடல்கள் அவை. மைல் குறைவு, வண்டி புதுசு என்ற இரண்டு ஆறுதலும் அங்கே உதவவில்லை.

டன்ட்ராவுக்கும் அதன் தம்பி டகோமாவுக்கும் கீழே ஒரு பார்வை வேண்டும். உப்பு தூவும் பனி மாநிலங்களில் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டையானதற்காக 2016-ல் டொயோட்டா 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. எஞ்சின் நன்றாக இருந்து சேசிஸ் போன வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்களிடம் ‘டீசல்னா பத்து லட்சம் மைல் ஓடும்’ என்று சொல்லாத விற்பனையாளர் இல்லை. எந்த டீசல் என்று கேட்க வேண்டும். ஃபோர்டுக்கு நாவிஸ்டார் நிறுவனம் செய்து கொடுத்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 1994 முதல் 2003 வரை ஓடி நல்ல பெயர் வாங்கியது. புகை விதிகள் இறுகியபோது அதன் இடத்தில் 6.0 லிட்டர் வந்தது. அதன் சீரழிவு சங்கிலித் தொடராக நடக்கும். முதலில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் நுண்ணிய வழிகள், வார்ப்பு மணலாலும் கூலன்ட் கசடாலும் அடைபடும். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் ஈஜிஆர் அமைப்பின் கூலருக்கு, அந்தக் கூலரைத் தாண்டித்தான் கூலன்ட் போக வேண்டும். அங்கே தண்ணீர் வற்றினால் ஈஜிஆர் கூலர் வெடித்துக் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். சிலிண்டருக்கு நான்கே ஹெட் போல்ட் என்பதால் அழுத்தம் ஏறும்போது ஹெட் தூக்கிக்கொடுக்கும், கேஸ்கட் போகும். பெரிய வேலை என்றால் கேபினையே சட்டத்திலிருந்து கழற்றித் தூக்கிவிட்டுச் செய்கிறார்கள். வாரன்டிச் செலவு யார் தலையில் என்று சண்டை முற்றி 2007-ல் ஃபோர்டு நாவிஸ்டார் மீது வழக்கே போட்டது.

6.0-ஐப் பார்க்கிறவருக்கு இரண்டு தடயங்கள் போதும். கூலன்ட் டப்பாவின் மூடியைச் சுற்றி வெள்ளைக் கறை படிந்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி அது கக்கியிருக்கிறது. ஒரு ஸ்கேனரைச் செருகிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டும்போது ஆயில் வெப்பம் கூலன்ட் வெப்பத்தைவிட 15 ஃபாரன்ஹீட் டிகிரிக்கு மேல் கூடுதலாக நின்றால் கூலர் அடைபட்டிருக்கிறது. ஹெட் போல்ட், கூலர்கள் எல்லாம் முறையாக மாற்றிய 6.0 நல்ல வண்டி என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நானும் ஒப்புக்கொள்வேன், பில் கையில் இருந்தால்.

டாட்ஜ் வண்டிகளில் 1989-லிருந்து வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ், லாரிக்கென்று பிறந்த ஆறு சிலிண்டர் எஞ்சின். அதே வரிசை எஞ்சினை ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்து டாடா லாரிகளுக்குக் கொடுத்ததால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் பழக்கமானதுதான். டாட்ஜில் பெரும்பாலும் கியர்பாக்ஸும் பாடியும் முதலில் போகும், எஞ்சின் பிறகுதான். பிற்கால டீசல்களில் வேறொரு எச்சரிக்கை வேண்டும். புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரை மாற்றி, எஞ்சினை அதிக வேகத்துக்கு முறுக்கிவிடும் பழக்கம் அங்கே பரவியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2020 அறிக்கை, பத்தாண்டில் அப்படி மாற்றப்பட்ட டீசல் பிக்கப்புகள் 5,50,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டது. சட்டமீறல் ஒருபுறம் இருக்க, அளவுக்குமேல் முறுக்கப்பட்ட எஞ்சினின் பிஸ்டனும் கேஸ்கட்டும் எவ்வளவு அடி வாங்கின என்று எந்தப் பில்லிலும் இருக்காது.

சரி, எஞ்சின் எது என்று தெரிந்துவிட்டது. இனி கண்ணெதிரே நிற்கும் வண்டி. போனதும் பானட்டில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஸ்டார்ட் செய்து சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள். வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த எஞ்சினை முதலில் திருப்பும் அந்த ஐந்து வினாடிக்கு வேறு எதுவும் ஈடாகாது. பின்னால் ஒருவர் நின்று புகையைப் பார்க்க வேண்டும். ஒரு பொட்டு நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, விடாமல் வந்தால் ரிங் போயிருக்கிறது. இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி குதித்து விழும் அளவுக்குக் காற்று தள்ளினால் ரிங்குகளைத் தாண்டிக் கீழே அழுத்தம் இறங்குகிறது. நம் ஊரில் பழைய லாரி வாங்குகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

அடுத்து ஸ்கேனர். ‘செக் எஞ்சின்’ விளக்கு எரியவில்லை என்பதோடு திருப்திப்பட வேண்டாம். விற்பதற்கு முந்தின நாள் கோளாறுக் குறியீட்டை அழித்திருந்தால், கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்று ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும். இருபது, முப்பது டாலருக்கே அந்தக் கருவி கிடைக்கிறது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோக ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் கம்ப்ரெஷனோடு லீக்-டவுன் சோதனையும் கேளுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துவாரம் வழியாகக் காற்றைச் செலுத்தி, எங்கே கசிகிறது என்று கேட்பது அது. காற்று வரும் குழாயில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். எஞ்சினைத் திறக்காமலே உள்ளே இருப்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சோதனை வேறில்லை. ஆயிலின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பவும் வழியுண்டு. இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னில் இருக்கும் பிளாக்ஸ்டோன் போன்ற ஆய்வகங்கள், ஆயிலில் கரைந்திருக்கும் உலோகத்தை அளந்து தருகின்றன. இரும்பு கூடினால் சிலிண்டரோ கேமோ தேய்கிறது. ஈயமும் செம்பும் கூடினால் பேரிங். சோடியம், பொட்டாசியம் வந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. ஆனால் விற்பவர் நேற்றுத்தான் ஆயில் மாற்றினார் என்றால் அந்த அறிக்கையில் ஒன்றும் இருக்காது. விற்கிற நேரத்தில் மட்டும் புது ஆயில் மின்னும் வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிப்பதில் தவறில்லை.

இவ்வளவும் செய்ய நேரமும் முந்நூறு, நானூறு டாலரும் வேண்டும். வண்டி இல்லாததால் வேலைக்குப் போக முடியாமல் இருப்பவர்களிடம் அந்த இரண்டும் இருப்பதில்லை. அவர்களுக்குச் சட்டம் என்ன செய்கிறது? டீலரிடம் இருக்கும் பழைய வண்டியின் கண்ணாடியில் ‘பையர்ஸ் கைடு’ என்ற தாளை ஒட்ட வேண்டும் என்பது 1985-லிருந்து கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி. பெரும்பாலான மாநிலங்களில் அந்தத் தாளில் ‘உள்ளது உள்ளபடி, வாரன்டி இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் டீலரின் பொறுப்பு முடிந்தது. பழைய வண்டிக்கும் வாரன்டி தரவேண்டும் என்று சொல்லும் மாநிலங்களிலோ மைலுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 1,00,000 மைல், மாசசூசெட்ஸில் 1,25,000 மைல். அதற்குமேல் ஓடிய வண்டிக்கு அந்த வாரன்டி கிடையாது. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர் வாங்கும் வண்டி சரியாக அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது.

ரீகால் என்பதும் விபத்து ஆபத்துள்ள குறைபாட்டுக்குத்தான். லிஃப்டர் போவதும் ஆயில் குடிப்பதும் பெரும்பாலும் அந்த வகையில் வராமல், டீலர்களுக்கு அனுப்பும் சேவை அறிவிப்போடு நின்றுவிடுகின்றன. அந்த அறிவிப்புகளைப் பாதுகாப்பு நிர்வாகம் தன் தளத்தில் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. ஆனால் தேடத் தெரிந்தவருக்கே அவை அகப்படும். 2016-ல் பையர்ஸ் கைடைத் திருத்தியபோது, ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள் என்ற குறிப்பைச் சேர்த்தார்கள். அது போதாது. அதே தாளில் எஞ்சினின் குறியீடும், அந்த எஞ்சினுக்கும் ஆண்டுக்கும் தயாரிப்பாளர் அனுப்பிய சேவை அறிவிப்புகளின் தலைப்புகளும் அச்சாக வேண்டும். எஞ்சின் மணி நேரம் காட்டும் வண்டிகளில் மைலுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுத வேண்டும். இரண்டுமே டீலர் தன் கணினியில் சில நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய தகவல்கள். டிரேடில் எடுக்கும்போது அவர் தனக்காகப் பார்த்துக்கொள்ளவும் செய்கிறார்.